தட்டையின் கணக்கு

தை முடியும் சமயத்தில் துறையூருக்குப் போயிருந்தேன். மாமாவின் கொல்லையில் மக்காச்சோளத் தட்டை எரிந்துகொண்டிருந்தது. பச்சைமலைப் பக்கமிருந்து வந்த காற்றில் புகை தார்ரோடு வரைக்கும் படுத்திருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, லீவுக்கு ஊருக்கு வரும் எல்லா மருமகன்களும் செய்வதை நானும் செய்தேன். உபதேசம்.

“ஏன் மாமா கொளுத்துறீங்க? இது அத்தனையும் காசு.”

“காசா? அப்ப எடுத்துக்கிட்டுப் போ மாப்ள. ரெண்டு ஏக்கர் தட்டையும் ஒனக்குச் சும்மாவே தர்றேன். வெட்டுக்கூலி, ஏத்துக்கூலி, லாரி வாடகை மட்டும் ஒன்னுது.”

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அந்தக் கணக்கை நான் ஏற்கெனவே ஒருமுறை போட்டுத் தோற்றிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு சிறிய கம்பெனியில், விவசாயக் கழிவுக்கு ஆன்லைன் சந்தை ஒன்றைக் கட்டினோம். இந்தப் பக்கம் வைக்கோலும் தட்டையும் வைத்திருக்கும் விவசாயி, அந்தப் பக்கம் மாட்டுப் பண்ணை, செங்கல் சூளை, காளான் கொட்டகை. நடுவில் எங்கள் ஆப். திரையில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. களத்தில் நடந்தது வேறு. பத்து டன் சுமக்கும் லாரியில், கட்டு கட்டாத தட்டையை எவ்வளவு மிதித்து ஏற்றினாலும் மூன்று டன்னைத் தாண்டவில்லை. லாரி வாடகை எடைக்கு இல்லை, தூரத்துக்கு. நாற்பது கிலோமீட்டர் போனதும் தட்டையின் விலையை டீசல் தின்றுவிட்டது. எட்டு மாதத்தில் ஆப் செத்தது. உப்பிலியபுரம் பக்கம் ஒரு வைக்கோல் தரகர் இருக்கிறார். பட்டன் போன் வைத்திருப்பார். யார் வயலில் லாரி திரும்பும், யார் வயலில் திரும்பாது என்பது அவருக்கு மனப்பாடம். அவர் தொழில் இன்றைக்கும் நன்றாகத்தான் நடக்கிறது.

இந்தத் தோல்வியை நான் சொல்வதற்குக் காரணம், என்னைப் போன்றவர்கள் இன்னும் விவசாயிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த வேளாண் கண்காட்சிக்குப் போனாலும் ‘கழிவிலிருந்து செல்வம்’ என்று ஒரு பந்தல் இருக்கிறது. வாழைநாரில் செய்த கைப்பை, தென்னை நார்க்கழிவு உரம், காளான், மண்புழு, தட்டில்லாத தட்டு. சற்றுத் தள்ளி இன்னொரு பந்தல், புதிய ரகங்களுக்கு. அங்கே ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் என்ற அட்டை தொங்கும். மாமாவை அப்படி ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனபோது இரண்டு பந்தலையும் பார்த்துவிட்டு அவர் கேட்டது: “இந்தக் கடைக்காரவுகளும் அந்தக் கடைக்காரவுகளும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டாங்களா மாப்ள?”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். பயிரை மேம்படுத்தும் ஆராய்ச்சியும் பயிர்க்கழிவைப் பயன்படுத்தும் ஆராய்ச்சியும் இரண்டு பந்தலில் நடக்கும்வரை, முதல் பந்தல் உண்டாக்கும் சிக்கலுக்கு இரண்டாவது பந்தல் கைவினைப் பயிற்சி கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். கழிவு என்பது ஒரு பொருளின் குணம் கிடையாது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி விடுபட்டுப் போனதற்கு நாம் வைத்த பெயர்.

துறையூரிலிருந்து திருச்சி போகிற வழியில் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகள் இருக்கின்றன. ஒரு டன் நெல் அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி வரும். அங்கே எவரும் உமியைக் கழிவு என்று சொல்லிக் கேட்டதில்லை. நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். தவிடு எண்ணெய்க்கும் தீவனத்துக்கும் போகிறது. குருணைக்கு ஒரு விலை, கருப்பு அரிசிக்கு ஒரு விலை. இதற்கெல்லாம் யாரும் பயிற்சி முகாம் நடத்தவில்லை. காரணம் எளிது: உமி ஏற்கெனவே ஒரே இடத்தில், காய்ந்த நிலையில், குவியலாகக் கிடக்கிறது. நெல்லோடு ஒட்டிக்கொண்டு ஓசியில் லாரி ஏறி வந்துவிட்டது.

கரும்புச் சக்கைக்கும் இதே கதைதான். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984-ல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், விவசாயக் கழிவைத் தொழிலாக்கியதற்கு நம் மாநிலத்தின் மிகப் பெரிய உதாரணம். ஆனால் அது எப்படி நடந்தது என்பதைப் பாருங்கள். சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தூக்கி எறிந்துகொண்டிருக்கவில்லை, கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. அதைக் காகிதத்துக்குத் தர வேண்டுமென்றால் ஆலை எதை எரிக்கும்? ஆகவே காகித நிறுவனம் மாற்று எரிபொருளுக்கும் நீராவிக்கும் தானே பொறுப்பேற்று, பதிலுக்குச் சக்கையை வாங்கும் ஏற்பாட்டைச் செய்தது. அதாவது, அந்தப் பொருள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்கு ஈடு கொடுத்த பிறகுதான் எடுத்துக்கொண்டது. ‘கழிவு’ என்று சொல்லி இனாமாகக் கேட்கவில்லை. இந்த நேர்மை இப்போதைய ஸ்டார்ட்அப்காரர்களிடம் கிடையாது, எங்கள் ஆப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாழைக்கு வருவோம். திருச்சியில் 1993-லிருந்து தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. அங்கே ரகங்களைச் சேகரிப்பதிலும் நோய்களைக் கண்டறிவதிலும் நடந்திருக்கும் வேலை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் வாழைநாரைப் பற்றி யூடியூபில் பரப்பப்படும் கனவு வேறு ரகம். வாழைமரத் தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிலோ மரத்தை மிஷினில் கொடுத்தால் கைக்கு வரும் நார் ஏறக்குறைய ஒரு கிலோ. மிச்சம் 99 கிலோ ஈரச் சக்கையும் சாறும். தொட்டியத்திலிருந்து அதை லாரியில் ஏற்றி எங்கேயோ இருக்கும் ஆலைக்குக் கொண்டுபோவது தண்ணீர் லாரி ஓட்டுவதற்குச் சமம். மிஷின் தோட்டத்துக்கு வந்தால் ஒழிய நார் கட்டுப்படியாகாது. வந்தாலும், வருஷத்தில் எத்தனை நாள் அதற்கு மரம் கிடைக்கும் என்ற கேள்வி இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. தார் வெட்டிய பிறகு தாய் மரத்தை உடனே அடியோடு சாய்க்காமல் விட்டால், அதிலிருக்கும் சத்தும் நீரும் பக்கக்கன்றுக்கு இறங்கும். காவிரிக்கரை வாழைக்காரர்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும், விஞ்ஞானமும் ஒப்புக்கொண்ட சங்கதி. ஸ்ரீரங்கத்துப் பூக்கடைகளில் மாலை கட்ட நார் கிழிப்பதும் இதே மரத்தின் மட்டையிலிருந்துதான். சாப்பாட்டுக்கு இலை, சமையலுக்குத் தண்டும் பூவும், கட்டுவதற்கு நார், கன்றுக்கு மிச்சம். இதில் கழிவு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

ஆனால் போக்குவரத்து பாதிக் கதைதான். மீதிப் பாதி விதையில் இருக்கிறது.

1966-ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. இந்தோனேசியாவின் உயரமான பீட்டாவையும் தைவானின் குட்டையான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் ஒட்டிப் பிறந்த பயிர். உயரமான பழைய நெல் ரகங்களுக்கு உரத்தை அள்ளிக் கொட்டினால் வளர்ந்து, கதிர் கனத்து, சாய்ந்துவிடும். குட்டைப் பயிர் சாயாது, உரத்தை மணியாக மாற்றும். பயிர் தன் மொத்த எடையில் எத்தனை பங்கை மணிக்குக் கொடுக்கிறது என்பதை அறுவடைக் குறியீடு என்பார்கள். பழைய ரகங்களில் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது. குட்டை ரகங்களில் பாதியைத் தொட்டது. பசுமைப் புரட்சியின் கணிதம் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்: வைக்கோலைக் குறை, மணியைக் கூட்டு.

இந்த இடத்தில் இயற்கை விவசாய நண்பர்கள் சிலர் கை தட்டுவார்கள். அவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. அதே 1966-ல் இந்தியா ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்து சாப்பிட்டது. கப்பல் வந்தால்தான் சோறு என்ற நிலைமையில், மணியை மட்டும் பார்த்த விஞ்ஞானிகளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மாப்பிள்ளைச் சம்பாவுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள், ஒரு ஏக்கரில் அது எத்தனை மூட்டை காணும் என்பதைக் குத்தகைக்கு உழுபவரிடம் சொல்லிப் பார்க்கட்டும். என் கேள்வி அந்தக் காலத்தைப் பற்றியதே இல்லை. பஞ்சத்துக்கு எழுதிய கணக்குப் புத்தகத்தை இன்னும் ஏன் வைத்திருக்கிறோம்?

“அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு” என்று ஒரு சொலவடை. நம்மாழ்வார் மேடை மேடையாகச் சொல்லி அதைப் பிரபலமாக்கினார், இப்போது டீ-ஷர்ட்டில்கூட வருகிறது. அதை ஆன்மிக வாக்கியமாகப் படிக்கிறவர்கள்தான் அதிகம். எனக்கு அது ஒரு பயிருக்கான தொழில்நுட்பக் குறிப்பேடு போலத் தோன்றும். ஒரு செடியிடம் மூன்று வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், மூன்று பேருடைய தேவையையும் எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கு என்கிறது. சாஃப்ட்வேரில் இரண்டு வாடிக்கையாளரை மறந்துவிட்டு ஒருவருக்கு மட்டும் செய்துகொடுத்தால் அதன் பெயர் குறை. விவசாயத்தில் அதன் பெயர் கழிவு.

இது கற்பனைப் புகார் இல்லை என்பதற்கு பஞ்சாபைப் பார்க்கலாம். அங்கே வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் நெல் தாளைக் கொளுத்தி டெல்லி மூச்சு முட்டுகிறது. 2020-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்த ‘பூசா டீகம்போசர்’ நுண்ணுயிர்க் கலவையை டெல்லி அரசு வயல்களில் தெளித்தது. தாளை மக்க வைக்கும் பூஞ்சைகள். நல்ல விஞ்ஞானம்தான். ஆனால் மக்குவதற்கு வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும், கோதுமை விதைக்கப் பஞ்சாப் விவசாயிக்கு இருக்கும் இடைவெளியே மூன்று வாரம்தான். ஏன் அவ்வளவு குறுகிய இடைவெளி? நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் கொண்டுவந்த சட்டம் நடவைத் தள்ளிப்போட்டது ஒரு காரணம். இன்னொரு காரணம் விதை. அங்கே பெருவாரியாக விதைக்கப்பட்ட பூசா 44 என்ற ரகம் விளைய 160 நாள் அளவுக்கு எடுக்கும், வைக்கோலும் அதிகம். அந்த ரகமும் அதே இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிறந்ததுதான்!

ஒரே வளாகத்தில் பிறந்த ஒரு விதை தாளைக் குவிக்கிறது, ஒரு மாத்திரை தாளைக் கரைக்க முயல்கிறது. கடைசியில் பலன் தந்த வழிகளில் ஒன்று எது? லூதியானா பல்கலைக்கழகம் கொடுத்த, ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாக விளையும் பி.ஆர்.126 ரகம். 2024 பருவத்திலிருந்து பஞ்சாப் அரசு பூசா 44-ஐத் தடையே செய்தது. கழிவுப் பிரச்சினைக்கு மருந்து இரண்டாவது பந்தலில் கிடைக்கவில்லை. முதல் பந்தலில்தான் இருந்தது.

நல்ல உதாரணமும் இருக்கிறது, அது சோளத்தில். அறுபதுகளில் வந்த குட்டை வீரிய ஒட்டுச் சோளங்களைப் பல பகுதிகளில் விவசாயிகள் சீந்தவில்லை. மணி அதிகம்தான், மாட்டுக்குத் தட்டை? மானாவாரிக்காரனுக்குத் தட்டை பாதி வருமானம். அதன் பிறகுதான் இந்தியாவில் சோள ரகங்களை மதிப்பிடும்போது தட்டை விளைச்சலையும் கணக்கில் எடுக்க ஆரம்பித்தார்கள். ஹைதராபாத்தில் சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் தீவனச் சந்தையில் விற்கும் சோளத்தட்டைகளை வாங்கிச் சோதித்தார்கள். செரிமானத் திறனில் சில சதவீதம் மட்டுமே கூடுதலாக இருந்த தட்டைக்கு, வியாபாரிகள் கணிசமாக அதிக விலை வைத்திருந்தார்கள். எந்த ஆய்வகமும் இல்லாமல், கையால் ஒடித்துப் பார்த்தும் மென்று பார்த்தும் வைத்த விலை. அதைவிட முக்கியம், மணி விளைச்சலைக் குறைக்காமலே தட்டையின் தரத்தைக் கூட்ட முடியும், ரகங்களுக்குள் அந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது என்று அவர்கள் காட்டியது. அதாவது இதற்குப் புது மரபணு எதுவும் தேவையில்லை. தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு பத்தியைப் பார்த்தால் போதும்.

துறையூர்க் கொல்லைகளில் இப்போது அந்தச் சோளம் அருகிவிட்டது. பெரம்பலூர் வரைக்கும் பருத்தியும் மக்காச்சோளமும்தான். நாமக்கல் கோழிக்குத் தீவனம், இப்போது எத்தனாலுக்கும் கிராக்கி. மணிக்கு வாங்குபவர் தேடி வருகிறார். மாமாவுக்கு ஏக்கருக்கு 25 மூட்டை கண்டது, அதாவது இரண்டரை டன். ஏறக்குறைய அதே எடைக்குத் தட்டையும் நிற்கிறது. சோளத்தட்டையைக் கடித்து இழுத்த மாடு, காய்ந்த மக்காச்சோளத் தட்டையின் தடித்த அடியை மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். நறுக்கிப் போட மிஷின் வேண்டும், மிஷினுக்குக் கரண்ட் வேண்டும், ஆள் வேண்டும். இதற்கு நடுவில் 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதலில் தென்பட்ட படைப்புழு, அதே பருவத்தில் இங்கேயும் வந்து காட்டையே மொட்டையடித்தது. “கொளுத்துனா புழுவாவது சாவும்ல” என்பது மாமாவின் இரண்டாவது காரணம். அது தப்பு. படைப்புழு மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கூட்டுப்புழுவாகிறது, மேலே எரிகிற நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. ஆழ உழுதால் வெயிலும் பறவையும் பார்த்துக்கொள்ளும். இதைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். உபதேசத்தில் உருப்படியாக இருந்தது இது ஒன்றுதான்.

கழிவை விற்கச் சொல்பவர்கள் மறைக்கும் இன்னொரு பத்தி மண். நெல் உறிஞ்சும் பொட்டாஷில் பெரும்பங்கு மணிக்குப் போவதில்லை, வைக்கோலில் நிற்கிறது. ஒரு டன் வைக்கோலில் 14 முதல் 20 கிலோ வரை பொட்டாஷ் சத்து. ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோலைக் கட்டி லாரியில் ஏற்றினால், கடையில் விற்கும் 50 கிலோ பொட்டாஷ் உர மூட்டை ஒன்றையும் கூடவே ஏற்றி அனுப்புகிறோம் என்று அர்த்தம். இந்தியா பொட்டாஷை ஏறக்குறைய முழுக்க இறக்குமதிதான் செய்கிறது. கொளுத்தினால் தழைச்சத்தும் கரிமமும் புகையாகிப் போனாலும் பொட்டாஷ் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். விற்றால் அதுவும் இல்லை. முன்பு வைக்கோல் மாட்டுக்குப் போய்ச் சாணமாகத் திரும்பி வந்தது. இப்போது வைக்கோல் கேரளத்துக்குப் போகிறது, சாணம் அங்கேயே நின்றுவிடுகிறது. கொளுத்துவது சரி என்று சொல்லவில்லை. கட்டு விலையில் அந்த உர மூட்டையின் விலை எங்கே என்று கேட்கிறேன்.

விஞ்ஞானி நண்பர் ஒருவர் என் வாதத்துக்குச் சொன்ன மறுப்பை மறைக்கக் கூடாது. ஒரே நேரத்தில் நான்கு குணங்களுக்குத் தேர்வு செய்தால் ஒவ்வொன்றிலும் முன்னேற்றம் மெதுவாகும், அதோடு விவசாயியே மூட்டைக் கணக்கைத்தானே கேட்கிறார் என்றார். முதல் பாதி உண்மை. ஆனால் தேவை என்று முடிவெடுத்தபோது நம் நிலையங்கள் செய்திருக்கின்றன. திருச்சி நவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில் உருவான திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் உவர், களர் மண்ணைத் தாங்கும்படி எடுக்கப்பட்டவை. மண்ணின் தேவையைப் பத்தியில் சேர்த்தார்கள், ரகம் வந்தது. மாட்டின் தேவையையும் உழவின் தேவையையும் சேர்த்தால் மட்டும் வராதா? இரண்டாவது பாதிக்கு என் பதில்: விவசாயி கேட்பதில்லை என்பது தவறு. கேட்கும் இடமே இல்லை. தட்டை எவ்வளவு மென்மை, தாள் எத்தனை நாளில் மக்கும், மாடு தின்னுமா என்பதையெல்லாம் ரகம் வெளியிடும் அறிக்கையில் மணி விளைச்சலுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அரசு ஆராய்ச்சி நிலையங்கள் முதலில் செய்யட்டும், கம்பெனிகளுக்குப் பிறகு விதியாக்கட்டும். வயலில் கிடப்பதை வாங்க வருபவர், வெட்டிக் கட்டும் செலவைத் தன் திட்டத்தில் எழுதிக்கொண்டு வரட்டும். அதுவரை கைப்பை பின்னும் பயிற்சிக்கு மாமாவைக் கூப்பிடாதீர்கள், அவருக்கு நிறைய வேலை இருக்கிறது.

ஆடிக்குப் பிறகு விதை வாங்க அவரோடு துறையூர்க் கடைவீதிக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு கம்பெனிப் பாக்கெட்டுகளை மேசையில் வைத்தார். மாமா ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். உண்மைநிலை விதை என்ற அட்டையில் முளைப்புத்திறன், இனத்தூய்மை, ஈரப்பதம், குவியல் எண், சோதனை செய்த நாள் எல்லாம் இருந்தன.

“இதுல தட்டை எப்படி? மாடு திங்குமா?”

கடைக்காரர் சிரித்தார். “மாமா, படம் பாருங்க. கதிரு எம்மாம் பெருசு!”

படத்தில் ஒரு கதிரும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஒரு நடிகரும் இருந்தார்கள். தட்டை இல்லை. மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போன வருஷம் போட்ட அதே விதையில் ஏக்கருக்கு இரண்டு பாக்கெட் வாங்கினார். பிறகு, கடைக்குள் மூலையில் சாக்கில் இருந்த நாட்டுச் சோளத்தில் மூன்று கிலோ போடச் சொன்னார், கிணற்றோரத்துத் துண்டு நிலத்தில் மாட்டுக்கு விதைக்க.